மூன்று முறை, தமிழில்

சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள், எவ்வளவு சின்னச் சத்தமாக இருந்தாலும் அமுக்கிவிடுங்கள் என்று சொல்லி, காது டெஸ்ட் எடுக்கிற பெண் நஸ்ரீன் என் இரண்டு காதிலும் கனத்த ஹெட்போனை மாட்டிவிட்டு, தடித்த கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை மட்டும் தெரிகிறது. நான்கடிக்கு நான்கடி அறை. காவலுக்கு நிற்கிற சென்ட்ரிக் கூண்டு கூட இதைவிடப் பெரிது. இதோ வந்துவிட்டது, இடது காதில், கீ என்று ஒன்று. நன்றாகவே கேட்டது. அமுக்கவில்லை. பாவம், அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டுவாள். கூட்டட்டும். இன்னொரு கீ. இதுவும் கேட்டது. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு முகத்தை மண்ணாந்தை மாதிரி வைத்திருக்கிறேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ள பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் பழகியிருக்கிறேன், ஹவில்தார் ஏகாம்பரத்துக்கு அது ஒன்றும் புதிதில்லை. அறுபத்தேழு வயதில் ஒருத்தன் தன் காதைச் செவிடாக்கிக்கொள்ள வேலூருக்கு பஸ் ஏறி வந்திருக்கிறான் என்றால் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு இன்றைக்கு ஒரு சீட்டு வேண்டும். இந்த ஆளுக்குக் காது கேட்காது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு. அது கிடைத்துவிட்டால் போனில் கூப்பிடுகிற அந்த நோர்வேப் பெண்ணிடம் பேச வேண்டியதில்லை. பிரேமலதா பேசிக்கொள்வாள். மருமகள் என்றாலும் மகளுக்கு மேல், அவள் வெளியே நாற்காலியில் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பதினொரு மணிக்கு அது அடிக்கும். இப்போது மணி என்ன இருக்கும். கடிகாரத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் எனக்கு மாலை போட்டதை என் பையன் போட்டோ பிடித்து, பெயர், ஊர், எந்த வருஷம் எங்கே இருந்தேன் என்பது வரைக்கும் எழுதி பேஸ்புக்கில் போட்டுவிட்டான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. நோர்வேயிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வதனி என்று பெயர் சொன்னாள். நீங்கள் எண்பத்தெட்டிலே இலங்கையிலே, வடக்கே புளியடிச் சந்தியிலே இருந்த ஏகாம்பரம்தானே, அம்மா உங்கள் சட்டையிலே இருந்த பெயரை மறக்கவேயில்லை, தமிழ்ப் பெயராக இருந்ததாலே மறக்கவில்லை என்றாள். நான் நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. குரலைத் தாழ்த்தி மரியாதையாகப் பேசினாள். அந்தச் சந்தியில் செத்துப்போன நவரத்தினத்தின் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அம்மா தையல்நாயகிக்கு இப்போது எழுபத்தெட்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், சோறு இறங்கவில்லை, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. "அப்பா சூடுபட்டதுக்கு முதல் நாள் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை. இறைச்சி இல்லாமல் வீட்டுக்கு வராதேங்கோ எண்டு அம்மா சொல்லிப்போட்டா. தமிழிலை மூண்டு தரம் நிக்கச் சொல்லியும் அவர் நிக்கேல்லை எண்டால், அவர் சாகத்தான் போனவர், நான்தான் சாக்காட்டினனான் எண்டு அம்மா முப்பத்தஞ்சு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறா. நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள். அவர் திரும்பிப் பாத்தவரோ, இல்லையோ. அதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லுங்கோ." இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா. ஹலோ, ஹலோ, காது சரியாகக் கேட்கவில்லை அம்மா என்றேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள், அதையே சொன்னேன். வியாழக்கிழமையும், அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தண்ணீரும் இறங்கவில்லை என்று அவள் சொன்ன பிறகும். கேட்கலை, கேட்கலை என்று நான் வீடு அதிரக் கத்துவதைப் பார்த்து பிரேமலதா ஓடி வந்து போனை வாங்கி, மாமாவுக்குக் காதுலே ஏதோ பிரச்சினைங்க, சனிக்கிழமை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், பதினொரு மணிக்கு மேல கூப்பிடுங்க என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டாள். யார் மாமா அது என்று கேட்டாள். பழைய சர்வீஸ் ஆளுங்க வீட்டுப் பொண்ணு என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

வலது காதுக்கு மாறிவிட்டது. கொஞ்சம் தடித்த சத்தம், கப்பல் ஊதுவது மாதிரி. ஒரேயடியாக அமுக்காமல் இருந்தாலும் சந்தேகம் வரும். இதற்கு அமுக்குகிறேன். அடுத்ததை விடுகிறேன். நாலாவது விதி எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அமைதிப்படையில் அக்கரைக்குப் போன அன்றைக்கே ஒவ்வொருத்தர் கையிலும் ஓர் அட்டை கொடுத்தார்கள், உள்ளங்கை அகலம், பிளாஸ்டிக் உறை போட்டது, ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் இங்கிலீஷ். ஜனங்களுக்கு நடுவே சிப்பாய் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஏழு விதி. யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது, எப்போது. அதில் நாலாவது, சுடும் முன்னால் அந்த ஜனங்களுக்குப் புரிகிற மொழியில் மூன்று முறை நிற்கச் சொல்லி எச்சரிக்க வேண்டும். ஆறாவது, அவர்கள் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது, ஒரு வாய் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. எழுதியவர்கள் நல்லவர்கள்தான், யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் புளியடிச் சந்திக் காவல் போஸ்டில் பதினோரு பேர், பத்துப் பேருக்குத் தமிழில் தண்ணீர் என்று கேட்கக்கூடத் தெரியாது, எல்லாரும் வடக்கத்திக்காரர்கள். அதனால்தான் சிக்னல் கம்பெனியில் சும்மா வயர் இழுத்துக்கொண்டிருந்த என்னை அங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள். அட்டையில் இருந்த நாலாவது விதி, நான்தான். நான் நின்றால் விதி நிற்கும், நான் போனால் அது வெறும் பிளாஸ்டிக். மேஜர் சாப் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், ஏகாம்பரம், யூ ஆர் மை ரூல் ஃபோர் என்று. எனக்கும் அப்போது பெருமையாக இருந்தது. இந்தப் பொத்தான் கையில் வழுக்குகிறது. வேர்க்கிறது. ஏசி ஓடியும் வேர்க்கிறது.

தீபாவளி. அந்த வருஷம் நமக்குத் தீபாவளி ஒரு நாள், அவர்களுக்கு மறுநாள். நமக்கு விடிகாலையில் எண்ணெய்க் குளியல், அவர்களுக்குச் சாயங்காலத்தில் விளக்கும் லட்சுமி பூஜையும். ஆக அன்றைக்குக் காலையில் போஸ்டில் இருந்த பதினோரு பேரில் எனக்கு மட்டும்தான் பண்டிகை, மற்றவர்களுக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை. சொன்னாலும் புரியவில்லை. நாளைக்குத்தானே தீவாளி, இன்றைக்கு எதற்குக் குளியல் என்று ராம்நிவாஸ் கேட்டான். இருபத்தொரு வயசு, என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான், அந்த ஒரு வார்த்தையை நான்தான் கற்றுக்கொடுத்தேன். போஸ்டுக்குப் பின்னால், பனையோலை வேலிக்கு அந்தப் பக்கம், பாக்கியம் அக்கா வீடு. தனிக்கட்டை. முதல் நாள் வேலி இடுக்கு வழியாக என்னைப் பார்த்து, "தம்பி, தீபாவளி அண்டைக்குத் தலை முழுகாமலே நிக்கப் போறியள்? எண்ணெய் காய்ச்சி வைக்கிறன், விடிய வாங்கோ" என்றாள். அந்தப் பேச்சில் என்ன இருந்ததோ. பதினாலு மாதமாக ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று, யார் வீட்டுச் சமையல்கட்டு வாசனையும் இல்லாமல் கிடந்தவன். ஆறாவது விதி தெரியாமல் இல்லை. அரை மணி நேரம்தானே என்று நினைத்தேன். ஊரடங்கு ஆறு மணிக்குத்தான் முடியும், அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்கு. ராம்நிவாஸிடம், யாராவது வந்தால் நில் என்று சொல், மூன்று தடவை, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, என்றேன். நில், நில் என்று அவன் இரண்டு தடவை சொல்லிக் காட்டினான். ஆறு வயதுப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். போதும் என்று நினைத்தேன். ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தவன் நான்.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. மிளகு போட்டுக் காய்ச்சியிருந்தாள். கிணற்றடியில் சட்டை, பேண்ட், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வாழைமரத்தில் தொங்கவிட்டு, கோவணத்தோடு உட்கார்ந்து, உச்சந்தலையில் எண்ணெயை வைத்து அரக்கினேன். கண்ணை மூடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நேரம் போனது தெரியவில்லை. ஆறு எப்போது அடித்தது என்று தெரியாது. அப்போதுதான் கேட்டது. ருக்கோ என்று ஒரு குரல், இந்தியில் நில் என்று. இங்கேதான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன், முப்பத்தைந்து வருஷமாக இந்த இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. முதல் சத்தம் கேட்டபோது, ஆட்டை விரட்டுகிறான் என்று நினைத்தேன். பாக்கியம் அக்காவின் கிடாய் அடிக்கடி போஸ்டுக்குள் தலையை நீட்டும். இல்லை, நினைக்கவில்லை. அப்படி நினைத்ததாகப் பிறகு சேர்த்துக்கொண்டேன். ஆட்டை விரட்டுகிற குரலும் பயந்தவன் குரலும் ஒன்றா. சரி, முதல் சத்தத்தை விட்டுவிடுவோம், ஆடு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது ருக்கோ வந்ததே, அது. அந்தக் குரல் உடைந்திருந்தது. நில் என்ற சொல் அவனுக்கு மறந்துவிட்டது என்பது அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்தது. யாரோ வருகிறார்கள், நிற்கவில்லை, இவன் பயந்துவிட்டான், எல்லாம் புரிந்தது. கிணற்றடிக்கும் சந்திக்கும் நாற்பது கஜம். என் குரல் பரேட் மைதானத்தில் இரண்டு பர்லாங்கு போகும். நில்லுங்க என்று ஒரே ஒரு சத்தம், உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டிருக்கலாம். எழுந்து ஓடக்கூட வேண்டாம். வாயையும் திறந்தேன், அது சத்தியம். ஆனால் திறந்த வாய்க்கும் குரலுக்கும் நடுவில் ஒரு நினைப்பு வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஏகாம்பரம் பொதுஜனம் வீட்டுக் கிணற்றடியில் கோவணத்தோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும். அப்போது நான் நாயக், சட்டைக் கையில் இருக்கிற பட்டை போய்விடும். சிரிப்பார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். இதை நினைக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் துப்பாக்கி வெடித்துவிட்டது.

கீ என்கிறது. இப்போது எந்தக் காது என்று கூடத் தெரியவில்லை. அமுக்கினேனா இல்லையா. நஸ்ரீன் கண்ணாடிக்குப் பின்னால் எதையோ எழுதுகிறாள். எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது. அன்றைக்கு எண்ணெய்த் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினேன். சந்தியில் சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்காகச் சாக்கை முக்காடு போட்டபடி விழுந்து கிடந்தார் மனிதர். காதெல்லாம் மூடியிருந்தது, அதனால்தான் அவருக்கு அந்த உடைந்த குரல் எட்டியிருக்காது, எட்டியிருந்தாலும் அந்தச் சொல் விளங்கியிருக்காது. ஹேண்டிலில் ஓலைப் பை. அதைத்தான் ராம்நிவாஸ் குண்டு என்று நினைத்தான். பையிலிருந்து இறைச்சி ரோட்டில் கொட்டிக் கிடந்தது. தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை அடித்துப் பங்கு போட்டுக்கொள்வார்களாம், அந்தப் பங்கு. தேக்கிலையில் கட்டியது. மழைத் தண்ணீரில் எது ஆட்டு ரத்தம், எது அவருடையது என்று தெரியவில்லை. நான் அந்த இலையைத் தூக்கிப் பைக்குள் போட்டேன். எதற்கு அதைச் செய்தேன் என்று தெரியவில்லை, கை சும்மா இருக்கவில்லை. ராம்நிவாஸ் அழுதுகொண்டிருந்தான். மத்தியானமே மேஜர் சாப் விசாரணைக்கு வந்துவிட்டார். அட்டையை மேஜைமேல் வைத்து, நாலாவது விதியை விரலால் தொட்டு, நாயக் ஏகாம்பரம், உள்ளூர் மொழியில் மூன்று முறை எச்சரித்தாய் அல்லவா என்றார். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டார். என் தலையில் எண்ணெய் இன்னும் காயவில்லை, நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது, அவர் பார்த்தார், கேட்கவில்லை. ஜீ சாப் என்றேன். எத்தனை முறை. தீன் பார் சாப், மூன்று முறை. தமிழில். தமிழில். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்தில் எல்லாருக்கும் நிம்மதி. வெளியே வந்ததும் ராம்நிவாஸ் என் காலில் விழுந்தான். எனக்காகப் பொய் சொன்னீர்கள் அண்ணா, என் உயிர் இருக்கும் வரை மறக்க மாட்டேன் என்றான். உனக்காகச் சொல்லவில்லையடா, எனக்காகச் சொன்னேன் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு அவனிடமிருந்து கடுதாசி வந்தது, கடுதாசி நின்றபிறகு போன் வந்தது. அவனுடைய தீபாவளிக்கு, மறுநாள்தான்.

அதற்குப் பிறகு நான் தீபாவளிக்குத் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. எண்ணெய் ஆகாது, நெஞ்சுச் சளி பிடித்துக்கொள்ளும் என்று என் பெண்டாட்டி கோமளாவிடம் சொன்னேன். சாகிற வரைக்கும் நம்பினாளோ, நம்பினது போல இருந்தாளோ. அப்போது சளி, இப்போது காது. என் பொய்யெல்லாம் உடம்பில்தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. நவரத்தினத்தின் மனைவி தையல்நாயகி, சுட்ட மூன்றாம் நாள் வந்தாள். சைக்கிளை வாங்கிக்கொண்டு போக வந்தாள், கூடவே ஒரு பெண் குழந்தை, இந்த வதனிதான். மேஜர் சாப் என்னைப் பேசச் சொன்னார். வெள்ளைச் சேலை. அழுது முடித்த முகம். நான் அவள் கையைத்தான் பார்த்தேன், சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்திருந்த கை. சைக்கிளைத் துடைத்து வைத்திருந்தார்கள். "தம்பி, நீங்கள் தமிழிலைதான் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். "மூண்டு தரமும்?" மூன்று தரமும் என்றேன். அவள் என்னை முறைக்கவில்லை. பிறகு எனக்குச் சொல்வதாகவும் இல்லாமல், குழந்தைக்கும் இல்லாமல், அப்ப ஏன் நிக்கேல்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஆமாம், அப்பாடா என்றுதான் தோன்றியது, அதை மறைத்து என்ன பயன். சுட்டது ராம்நிவாஸ், எழுதியது மேஜர். ஆனால் அந்தக் கேள்வியை அவள் தலையில் ஏற்றி அனுப்பியது நான். புருஷனைக் கொன்றது போதாது என்று அந்தக் கொலையை அவள் கணக்கில் எழுதிவிட்டேன். இது போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பொய் சொன்னேன் என்று தெரியும், அந்தப் பொய் எங்கே போய்க் குடித்தனம் நடத்தியது என்று தெரியாது.

"ஐயா, இப்ப நான் வார்த்தை சொல்வேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க, சரியா?" நஸ்ரீன் குரல் காதுக்குள்ளேயே வந்துவிட்டது. சரி என்று தலையாட்ட இருந்தவன் சுதாரித்துக்கொண்டு, என்னம்மா, என்றேன். சத்தத்தைக் கூட்டி மறுபடி சொன்னாள். மரம் என்றாள். வரம் என்றேன். பழம். படம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபமில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துச் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. கிணறு என்றாள். அதற்கு எனக்கு எந்தச் சொல்லும் வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கலைங்களா என்றாள். கேட்கலைம்மா என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனாள். இப்போது தூரத்தில் யாரோ கிசுகிசுப்பது போல இருக்கிறது, உதட்டைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எதற்கும் அசைவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். சொல்லட்டும். ஒருவேளை இந்த நேரம் பதினொன்று தாண்டியிருக்கும். ஒருவேளை போன் அடித்து, பிரேமலதா எடுத்து, மாமாவுக்குக் காது போச்சுங்க என்று சொல்லியிருப்பாள். வதனியும் சரி என்று வைத்திருப்பாள். அந்த அம்மாள் இந்தக் கேள்வியோடேயே. போகட்டும், எத்தனை பேர் எத்தனை கேள்வியோடு போகிறார்கள். இல்லை, போகக்கூடாது. வியாழக்கிழமையே இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லையாம். அப்போது காதுக்குள் மிகச் சின்னதாக, கொசு பேசுவது போல, "ஐயா, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்று கேட்டது. கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. தடவிப் பார்த்தேன். பட்டன் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் காகிதத்தை இறக்கினாள். சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் பேத்தி வயசுதான் இருக்கும். திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். கோர்ட்டு கேஸுக்காகவும் வேலைக்காகவும் கேட்காத மாதிரி நடிக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்களாம், அவர்களுக்குத்தான் அந்தப் பட்டன் கேள்வி என்று விளக்கினாள். உங்கள் வயதுக்கு உங்கள் காது ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "வீட்ல யாராவது ஏதாவது சொல்றாங்களா ஐயா? அவங்க பேச்சு காதுல விழக்கூடாதுன்னு இப்படிப் பண்றீங்களா?" என்றாள். வீட்டிலே எல்லாரும் தங்கம்மா என்றேன். என் குரலே எனக்கு விகாரமாகக் கேட்டது. ஒரு போன் வரும், அதை எடுக்க பயமா இருக்கு என்றேன். இதை ஒரு மனுஷரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் யார், என்ன என்று கேட்கவில்லை. சீட்டில் என்ன எழுதட்டும் என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லுவதற்குள் பிரேமலதா கதவருகே வந்து நின்றாள், கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. "மாமா, அந்த நோர்வே பொண்ணு. என்ன சொல்லட்டும்?" என்று நஸ்ரீனைப் பார்த்துக் கேட்டாள். நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். கதவைச் சாத்திவிட்டுப் போகட்டுமா என்று ஜாடையில் கேட்டாள் நஸ்ரீன். வேண்டாம் என்றேன். பிரேமலதாவுக்கும் கேட்கட்டும்.

வதனி என் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, காது இப்போது கேட்கிறதா ஐயா என்றாள். கேக்குதும்மா, அன்னைக்கும் கேட்டுது, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். நிறுத்தினால் பிறகு வராது என்று தெரியும், அதனால் மளமளவென்று சொன்னேன். உங்கள் அப்பாவிடம் தமிழில் யாரும் நிற்கச் சொல்லவில்லை, ஒரு முறைகூட. நான் அங்கே இல்லை. கத்தினவனுக்குத் தமிழ் தெரியாது, அவன் பாஷையில் இரண்டு முறை கத்தினான், உங்கள் அப்பா மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டிருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. அவர் சாகப் போகவில்லை, இறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். இலையில் கட்டின இறைச்சி, நான் பார்த்தேன். அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு, தாயிடம் குனிந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லுவது எனக்குக் கேட்டது. இவ்வளவு சொல்லி முடித்ததே போதும் என்று எனக்குத் தோன்றியது. கிணற்றடியைச் சொல்லத் தேவையில்லை, இல்லாமல் போனேன் என்பது போதும், அதுவே பெரிய ஒப்புதல் என்று நெஞ்சுக்குள் ஒருத்தன் ஏற்கெனவே சமாதானம் பேச ஆரம்பித்துவிட்டான். அப்போது போனில் மூச்சு வாங்குகிற சத்தம் கிட்ட வந்தது. அதே குரல், கிழடு தட்டியிருந்தது.

"தம்பி, அப்ப நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

பக்கத்து வளவு கிணற்றடியில் என்றேன். தீபாவளி அன்றைக்குத் தலை முழுகிக்கொண்டிருந்தேன், நாற்பது கஜம் தூரம் என்றேன். தூரத்தை ஏன் சொன்னேனோ, பழக்க தோஷம். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். பிரேமலதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அந்த ஆமிக்காரன் கத்தினது உங்களுக்குக் கேட்டதோ?"

யாரும் அதைக் கேட்டதில்லை. மேஜர் கேட்கவில்லை, ராம்நிவாஸ் கேட்கவில்லை, கோமளா கேட்கவில்லை. இல்லை என்று சொல்லலாம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்று சொன்னால் அந்தத் தாய் நம்புவாள், ஏற்கெனவே ஒரு முறை நம்பியவள்தான்.

"கேட்டுதும்மா" என்றேன். "ரெண்டு தரமும் கேட்டுது. நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அவர் நின்னிருப்பார். போடல."

வதனி இடையில், போதும் அம்மா என்றாள். தாய் கேட்கவில்லை.

"அப்ப அவருக்குக் கேக்கேல்லை" என்றாள் தையல்நாயகி. "உங்களுக்குத்தான் கேட்டிருக்கு. சரி தம்பி. நான் சுமந்தது போதும், இனி அது உங்கடை."

பிறகு போனை மகளிடம் கொடுக்கும் முன்னால், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.